காவலுக்கு வந்த மாமா

மாசி மாதத்தில் ஒரு நாள், மலையாற்றூருக்கு மேலே பெரியாற்றங்கரைக் காட்டில் நடந்துவிட்டு வர, கல்லூரியிலிருந்து எங்களை அழைத்துப் போனார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் மட்டாஞ்சேரியைத் தாண்டி நான் எங்கே போனாலும், பள்ளிக்கூடமே போகாத ஒருவர் என்னைக் காவல் காக்க வேண்டும் என்பது அத்தாவின் சட்டம். இந்த முறை மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பஜாரில் சுக்குக்கடை. பெண் பத்தாவது தாண்டினால் வீடு உருப்படாது என்று அம்மாவின் காதில் ஓதிக்கொண்டே இருப்பவர். கிளம்பும்போது அத்தா அவரிடம் என் எதிரிலேயே சொன்னார்:

"நீ ஒரு குறை சொன்னாப் போதும் மச்சான். படிப்ப இந்த வருசத்தோட நிப்பாட்டிருவோம்."

மாமாவின் முகத்தில் அந்தக் குறை அப்போதே தயாராக இருந்தது.

காட்டுக்கு அவர் வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். மல் ஜிப்பா, அத்தர், கிறீச்சிடும் புதுச் செருப்பு, குடை. வெயில் தரையைத் தொடாத பாதையில் குடையை விரித்து, கிளைக்குக் கிளை மாட்டிக்கொண்டு நின்றார். என்னோடு வந்த எர்ணாகுளத்துப் பெண்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. இலவம்பூ ஒன்று தோளில் விழுந்ததற்குக் காடே அதிர அலறினார்கள்.

ஒரு திருப்பத்தில் பாதை நடுவே யானைச் சாணம் கிடந்தது. மாமா நின்றுவிட்டார்.

"பேடிக்கண்டா சேட்டா, ராத்திரி போயதா" என்று கூட வந்த டீச்சர் மலையாளத்தில் தைரியம் சொல்லிச் சிரித்தார்.

ராத்திரியே போய்விட்ட யானையை மாமா ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் பார்த்தார். "திரும்பு புள்ளே. பாத்தது போதும்."

"இங்கனயே உக்காந்திருங்க மாமா. நான் ஆத்தோரப் பாறை வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்."

"தனியாவா? நானா?"

தலைவலி என்று இரண்டு பெண்கள் காட்டு முனைச் சாயாக்கடைக்குத் திரும்பினார்கள். மாமா குடையை மடக்கி, அவர்களுக்கு நடுவில் புகுந்துகொண்டார். என்னைக் காக்க வந்தவர் இரண்டு பெண்களின் காவலில் போய்ச் சேர்ந்தார்.

நான் மற்றவர்களோடு பாறை வரை நடந்தேன். ஆறு மெலிந்து, கூழாங்கல் தெரிய ஓடியது. கால் நனைத்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: 'சொன்ன பேச்சைக் கேட்காமல் என்னை விட்டுவிட்டுப் போனாள்' என்று அவர் சொன்னால், என் படிப்பு முடிந்தது. திரும்பும் வழியில் பேருந்திலும் படகிலும் அவர் எதையோ யோசித்தபடி குடையின் மடிப்பை நீவிக்கொண்டே வந்தார். ஆற்றில் குளிர்ந்த கால் அதற்குப் பிறகு சூடேறவே இல்லை.

வீட்டு வாசலிலேயே அத்தா கேட்டார். "என்ன மச்சான், புள்ள எப்படி?"

மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஆனை மச்சான், ஆனை! மதில் கெணக்கா நிக்கிது. டீச்சரம்மா ஓடிப்போச்சு. நாந்தான் குடைய விரிச்சு மறிச்சேன்."

"புள்ள?"

மாமா என்னைப் பார்த்தார். கடையில் சாக்கைத் தூக்கிவிடச் சொல்லி ஆளைப் பார்ப்பாரே, அதே பார்வை.

"எங்கண்ணை விட்டு அங்கிட்டு இங்கிட்டு அசையலயே. தங்கமான புள்ள."

"அப்படியாம்மா?"

"ஆமாத்தா. மாமா இல்லாட்டி எங்க கதி என்னாயிருக்குமோ" என்றேன்.

அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்ப வர்ற வருசமும் நீயே கூடப் போயிரு மச்சான்."

மாமா குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். வெகு நேரம் கழற்றினார்.