அரிசி டின்னில் ஒளித்த பாஸ்போர்ட்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் யூசுப் வெல்டர். அல்ஜீரியாவில் வேலை என்றான். பாலைவன நாடு என்று பயந்து, அவன் பாஸ்போர்ட்டை அரிசி டின்னில் ஒளித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு மேரி டீச்சர் தேசப்படத்தை விரித்தார். “பயப்படாதீங்க. ஜனங்க பெரும்பாலும் வடக்கே கடலோரத்துலதான். கோதுமைகூட விளையுது.”

கொஞ்சம் மூச்சு வந்தது. யூசுப் விரலைத் தெற்கே வெகுதூரம் இறக்கினான். “என் வேலை இங்க உம்மா. கேஸ் குழாய்க்கு வெல்டிங். அந்த கேஸ் மணலுக்கு அடியிலதான் இருக்கு.”

அந்த விரலைச் சுற்றி ஓர் ஊர்ப்பெயர்கூட இல்லை.

“அரிசி டின்னுல எலி கடிச்சிடப் போவுது உம்மா, எடுத்துக் குடுங்க” என்று சிரித்தான். தெரிந்தும், நானே தரட்டும் என்று காத்திருந்திருக்கிறான். எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அங்கேதான் இருக்கிறான். பயம் போகவில்லை. அந்த மணலில் குடிதண்ணீர் கிடைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.