விரத நாளில் குடித்த தேநீர்

கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டினால் சர்க்கரை மாத்திரை இல்லாமலே தப்பிக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், எங்கள் மலேசிய ஊரான சிம்பாங் ரெங்கத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன்.

அன்று புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. மாலைப் பூசை முடியும்வரை எனக்கு வெறும் தண்ணீர்தான். பயிற்சியையும் விட மனமில்லாமல், வழக்கமான எடை மாட்டிய கம்பியைத் தோளில் வைத்துக் குந்தினேன். கண் இருட்டியது, எழ முடியவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி ஓடிவந்து கம்பியைத் தாங்கினாள். தலையை மூடித் தூடோங் அணிந்த மலாய்ப் பெண். பெயர் அய்டா என்று பிறகு தெரிந்தது.

என்னை உட்காரவைத்து, தன் குடுவையிலிருந்து பால் சேர்க்காத, இனிப்பான தே ஓ ஊற்றி நீட்டினாள். விரதம் என்று மலாயில் சொல்லி மறுத்தேன்.

"அலமாக், காக்! என்னக்கா இது, வெறும் வயித்துல இவ்வளவு எடையா? நோன்பு மாசத்துல நாங்க பாதிதான் தூக்குவோம்."

"குடிச்சா சாமி குத்தமாயிடும்."

"உடம்பு முடியலன்னா நாங்க நோன்பை விட்டுட்டு இன்னொரு நாள் பிடிப்போம். உங்க சாமி மட்டும் கோவிச்சுக்குவாரா? குடிங்க லா."

குடித்தேன்.

அந்த மாதம் சனிக்கிழமைகளில் ஓய்வெடுத்தேன். மற்ற நாள்களில், அவள் சொன்னபடி கோழிக்குப் பதிலாகச் சோயாவில் செய்த தெம்பே சாப்பிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தேன். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதவில்லை.

வீட்டில் எத்தனையோ பேர் விரதம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், நான் கேட்டதில்லை. பசியோடு இருந்து பழகிய ஒருத்தி சொன்னதால்தான் அன்று கேட்டேன்.