ஃப்ளோரா பேசாமல் இருந்த கூட்டம்

ராயபுரத்தில் மீன் விற்கும் பெண்கள் சங்கத்துக்குப் பதினோரு வருடமாக ஃப்ளோராதான் தலைவி. மனு எழுதுவதிலிருந்து அதிகாரியிடம் மல்லுக்கு நிற்பதுவரை எல்லாம் அவளே. எந்தப் பயிற்சி என்றாலும் அவளே போவாள். மற்றவர்கள் கூடையை விட்டுவிட்டு வர முடியாதாம். உண்மையில் அவள் யாரையும் கூப்பிட்டதே இல்லை.

இந்த முறை பயிற்சி கொடுக்க வந்த ஷிஜி விடவில்லை. இருபது பெண்களையும் சர்ச் கூடத்தில் உட்காரவைத்து, மூன்று நாள் ஒவ்வொருவராக எழுந்து பேசப் பழக்கினாள். கடைசியில் ஃப்ளோராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வியாழக்கிழமை சந்தை விஷயமா அதிகாரி கூட்டுற கூட்டத்துல நீங்க பேசக் கூடாது. உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா சங்கம் என்ன பண்ணும்?"

"சரி, வாயத் தொறக்கல, போ."

வாக்குக் கொடுத்த நிமிடத்திலிருந்து ஃப்ளோராவுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றியே நினைப்பு. அதிகாரிகள் சந்தையையே லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை ஓரத்துக்கு மாற்றப் பார்க்கிறார்கள். அங்கே போய் யார் மீன் வாங்குவார்கள்?

வியாழக்கிழமை அதிகாரி திட்டத்தைப் படித்து முடித்து, "ஆட்சேபணை உண்டா?" என்றார். பெண்கள் ஃப்ளோராவைப் பார்த்தார்கள். ஃப்ளோரா தரையைப் பார்த்தாள். முந்தானை நுனியை முறுக்கினாள். பேசித் தொலைங்கடி என்று மனசுக்குள் கத்தினாள். ஒருத்தியும் அசையவில்லை.

துறைமுக ஏலத்தில் இவர்கள் எல்லாரும் கூட்டாகத்தான் மீன் எடுப்பார்கள். விலை கேட்பது ஃப்ளோரா. அவள் வாயை மூடிவிட்டால் விலைக்கு ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம், பேரம் முடிந்தது. அதற்குமேல் வேறு ஒருத்தியும் குரல் கொடுக்க மாட்டாள். மூன்று நாள் பயிற்சியில் இது யாருக்கும் தோன்றவில்லை, ஃப்ளோராவுக்குக்கூட.

"அப்போ எல்லாருக்கும் சம்மதம்," என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

ஃப்ளோரா துள்ளி எழுந்தாள். "ஐயோ, எழுதாத சார்! யாருக்கு சம்மதம்?"

பக்கத்திலிருந்த கெங்கம்மா திகைத்துப்போனாள். "அப்ப நீ ஒத்துக்கலியா யக்கா? நீ கம்முனு கீறியேன்னுதான நாங்களும் கம்முனு இருந்தோம்!"

அவ்வளவுதான், எல்லாரும் அதிகாரியைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே பஸ்ஸே நிற்காது என்றாள் கெங்கம்மா. "கூடையோட ரோட்டத் தாண்டறப்போ லாரில அடிபட்டா, நீ வந்து தூக்குவியா?" என்றாள் சாபிரா. இருபது தொண்டையும் ஒன்றாகத் திறந்துகொண்டது. முடிவைத் தள்ளிவைப்பதாக அதிகாரி சொன்னது யார் காதிலும் விழவில்லை. ஃப்ளோரா தன் பங்குக்கு ஏதோ சொல்ல வந்தாள்.

"நீ குந்து யக்கா. நாங்கதான் பேசிக்கினு கீறோமே?" கெங்கம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஃப்ளோரா உட்கார்ந்தாள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இவளுகளுக்குப் பேச வராது என்றுதானே இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தாள்.