முகம் பார்த்து வாங்கிய சுரூபங்கள்

பாலாவிச் சந்தியில் கல்பிட்டி பஸ்ஸில் ஏறியபோது யூஜினியின் கையில் ஒரு ஒட்டகம் இருந்தது.

கால் மடித்துப் படுத்திருக்கும் பிளாஸ்டர் ஒட்டகம். இயேசு பிறப்பைக் காட்டும் நத்தார்க் குடிலில் மூன்று ராஜாக்களோடு வைக்கிற வகை. பழைய துவாயொன்றில் சுற்றி, முட்டைக் கூடையைப் பிடிப்பதுபோல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். நீர்கொழும்பிலிருந்து பாலாவி வரைக்கும் அதற்கு இதே உபசாரம்தான். துவாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கொண்டக்டர் சும்மா போகவில்லை.

“அக்கா, ஒட்டகத்துக்கும் ஒரு டிக்கட் எடுங்க.”

“அது நடந்து வாறன் எண்டுதான் நிண்டது. நான்தான் வெயில் எண்டு ஏத்தினன்.”

பஸ்ஸே சிரித்தது. யூஜினியும் சிரித்தாள். ஐம்பதைத் தொட்ட பிறகும் சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிற முகம் அவளுக்கு. ஆனால் அந்தச் சிரிப்பு வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

உள்ளே கதிரையில் கத்தரினா உட்கார்ந்திருந்தாள். யூஜினியின் கணவன் அமல்ராஜுக்கு மூத்த அக்கா. தாய் இறந்தபின் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள். அந்த உரிமையில், அந்த வீட்டில் எதைத் திறந்து பார்க்கவும் எதைப் பற்றிக் கேட்கவும் அவள் தயங்கியதே இல்லை.

“வா வா. காலையிலேயே எங்க போயிற்றாய்?”

“நீர்கொழும்புக்கு, மச்சாள்.”

“கையில என்ன?”

மறைக்க வழியில்லை. யூஜினி துவாயை விலக்கினாள். கத்தரினா ஒட்டகத்தை வாங்கி, மீனின் செவுளை விரித்துப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் புரட்டினாள்.

“போன மாசம் கோழி. அதுக்கு முன்னால ஆடு. இப்ப ஒட்டகம். அங்க நிமிந்து பார், தகரம் பூரா ஓட்டை. இந்தக் காசைத் தகரத்தில போட்டிருந்தா வீடாவது நனையாமல் இருக்கும்.”

“என்ட கைக்காசு மச்சாள். வாடியில மீன் வெட்டி உழைச்சது.”

“உன்ட கை, அவன்ட கை எண்டு குடும்பத்துக்கு ரெண்டு கையா? ஊரே சிரிக்குது யூஜினி. கோயில் குடிலை விட உங்கட வீட்டுக் குடில் பெரிசாம். இனிப் பாதர் இஞ்ச வந்து பூசை வைக்கலாமாம்.”

இந்தப் பேச்சு யூஜினிக்குப் புதிதல்ல. கருவாட்டு வாடியில் மீன் கீறி உப்புப் போடும் பெண்கள் தினமும் இதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். ஊதாரி என்பார்கள். விசர் என்பார்கள். “யூஜினி அக்கா, இந்தச் சூடை மீனையும் கொண்டு போய்க் குடிலில வையுங்க” என்பார்கள். “அதுக்கு ஒரு நல்ல முகம் இருக்கா? இருந்தா கொண்டு போறன்” என்பாள் இவள். இதெல்லாம் அவள் மேல் ஒட்டுவதில்லை.

அவளால் தாங்க முடியாத ஒரு பேச்சு வேறு இருந்தது.

கல்யாணமான புதிதில், பிள்ளை வரம் கேட்டுத் தலவில புனித அன்னம்மாள் திருநாளுக்கு இருவரும் போனார்கள். கூட்டத்தில் நசுங்கி, மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில் நின்று அழுதுவிட்டு வெளியே வந்தபோது, சுரூபக் கடையொன்றில் ஒரு பிளாஸ்டர் ஆடு நின்றது. யாரோ அதை ஏசிவிட்டதுபோல் முகத்தை உம்மென்று வைத்திருந்தது. அழுத கண்ணோடு யூஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கினாள். அடுத்த வருடமும் போனார்கள். கொட்டாவி விடுகிற இடையனொருவன் கிடைத்தான். வருடங்கள் போயின. பிள்ளை வரவில்லை. குடில் வளர்ந்தது.

ஊர், இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. ‘பாவம், பிள்ளை இல்லாதவள், பொம்மை சேர்க்கிறாள்.’ உண்மை அதுவல்ல. பிள்ளைக்காக அவள் அழுதது அன்னம்மாளுக்கும் அமல்ராஜுக்கும் தெரியும். அது தனியாக அவள் நெஞ்சில் இருந்தது. இது வேறு. கடையில் வரிசையாக நிற்கிற சுரூபங்களுக்குள் ஒன்று மட்டும் தன்னைப் பார்ப்பதுபோல் இருக்கும். தூரிகை பிடித்தவன் கை நடுங்கிய இடத்தில் ஒரு கோணல் வந்திருக்கும்; அந்தக் கோணலால் அதற்கு ஒரு குணம் வந்திருக்கும். அழகானவற்றை அவள் தொடமாட்டாள். முகம் பிடித்தால் மட்டும்தான் வாங்குவாள். அந்த வேட்டையில் அவளுக்கு ஒரு சந்தோசம். உப்பும் மீன்வாடையுமாகக் கழிகிற நாளில் அவள் தனக்கென்று எடுத்துக்கொண்ட சந்தோசம்.

தன் கணவனுக்காவது இது தெரியும் என்று நம்பியிருந்தாள்.

அமல்ராஜ் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தான். யூஜினி தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். கத்தரினா அதே கதையைத் தம்பியிடம் முதலில் இருந்து தொடங்கினாள்.

“விடுங்க அக்கா,” என்றான் அமல்ராஜ். “பிள்ளை குட்டி இல்லாதவள். அதுகளை வச்சாவது மனசை ஆத்திக்கொள்ளட்டும்.”

“அதுவும் சரிதான்,” என்றாள் கத்தரினா. அவள் குரலே மாறிவிட்டது. “பாவம்.”

குசினியில் யூஜினியின் கை அப்படியே நின்றது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. ஊர் சொல்லட்டும். மச்சாள் சொல்லட்டும். இவருமா? இத்தனை வருடமும் பக்கத்தில் இருந்து பார்த்த இந்த மனுசனுமா தன்னை ஒரு நோயாளியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்? தன் சிரிப்பை எல்லாம் அழுகை என்றா நினைத்தார்?

தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். கண் கலங்கியிருந்ததை இருவரும் புகை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கிழமையே அவள் சுவர்த் தட்டில் இருந்த சுரூபங்களை எல்லாம் இறக்கினாள். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கிழித்து ஒவ்வொன்றையும் சுற்றி மீன் பெட்டி ஒன்றில் அடுக்கி, மேலே அதே வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

“ஏன் கட்டுறாய்?” என்று அமல்ராஜ் கேட்டான்.

“சும்மா. இந்த வருசம் குடில் வேணாம்.”

அக்காவின் பேச்சு சுட்டுவிட்டது என்று அவன் நினைத்தான். ஆறட்டும் என்று விட்டுவிட்டான். ஒரே வீட்டுக்குள் இருவரும் இரண்டு கரையில் இருந்தார்கள்.

மார்கழி மழை தொடங்கியது. கத்தரினா சொன்னது பொய்யில்லை, அறையில் ஒழுகியது. பெட்டி இருந்த இடத்திலேயே சொட்டியது. பிளாஸ்டருக்குத் தண்ணீர் ஆகாது. சேர்ப்பதை விட்டாலும் நனைய விட அவளுக்கு மனம் வரவில்லை. பெட்டியை இழுத்துப் போய், வீட்டில் நனையாமல் இருந்த ஒரே இடத்தில் வைத்தாள். அது பின்கதவு மூலை.

மீன்பிடிக்காரர் வீட்டில் பின்கதவு மூலை என்றால் என்னவென்று அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். வலை, மிதவை, எண்ணெய்க் கலன், சோற்றுப் பெட்டி எல்லாம் அங்கேதான் இருக்கும். அங்கே வைத்தது எதுவும் விடியலில் படகுக்குப் போகும். யாரும் யாரையும் கேட்பதில்லை. யூஜினிக்கும் அது தெரியும். ஆனால் அவளுடைய மனம் அன்று அவளிடம் இல்லை.

மறுநாள் வாடியிலிருந்து மதியம் வந்தபோது மூலை வெறுமையாக இருந்தது.

செருப்பையும் மறந்து கரைக்கு ஓடினாள். அமல்ராஜ் படகின் ஓரத்தில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

“இஞ்சாருங்க. மூலையில இருந்த பெட்டி எங்க?”

“குடுத்திட்டன்.”

“ஆருக்கு?”

அவன் தாடையைக் கடல் பக்கம் அசைத்தான்.

யூஜினி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

பாதர் செபித்து மந்திரித்த சுரூபம் உடைந்தாலோ வேண்டாமென்று ஆனாலோ அந்த ஊரில் குப்பையில் போடமாட்டார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிப் படகுக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் ஆழத்துக்குக் கொண்டுபோய், செபம் சொல்லிக் கடலில் விடுவார். நத்தாருக்கு நத்தார் பாதர் வந்து மந்திரித்த குடில் அவளுடையது. அந்தச் சுரூபங்களை வெள்ளைத் துணியில் கட்டி, படகுக்குப் போகிற மூலையில் வைத்தவள் அவள்தான்.

“வாயால சொல்ல ஏலாமத்தான் வச்சிருக்கிறாய் எண்டு நினைச்சன்,” என்றான் அமல்ராஜ். “கேட்டா நீ அழுவாய் எண்டு கேக்கல்ல. இந்தப் பாரத்தையாவது நான் தூக்குவம் எண்டுதான்...”

அவனே தொடர்ந்தான்.

“பெட்டியோட போட மனம் வரல்ல யூஜி. துணியை அவுத்து ஒண்டொண்டா எடுத்து, அருள் நிறைந்த மரியே சொல்லிச் சொல்லித்தான் விட்டன். முதல்ல அந்தக் கொட்டாவிக்காரன். தண்ணிக்குள்ள போகக்குள்ளயும் வாயை மூடல்ல. பிறகு அந்த உம்மணா மூஞ்சி ஆடு. ஒரு கண் பூனைக்கண் ராசா. ஒட்டகம்...” அவன் குரல் உடைந்தது. “அது என்னை நம்பவேயில்ல. மறையிற வரைக்கும் ஒரு பார்வை பாத்துக்கொண்டே போச்சு.”

யூஜினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எது எது என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“உங்களுக்கு அதுகள்ட முகமெல்லாம் தெரியுமா?”

“தெரியாமலா? டிசம்பர் முழுக்க அதுகளுக்கு முன்னாலதானே சோறு தின்னுறன்.”

“அப்ப ஏன் அக்காட்ட அப்பிடிச் சொன்னீங்க?”

“எப்பிடி?”

“பிள்ளை இல்லாதவள், மனசை ஆத்தட்டும் எண்டு.”

அவன் கையில் இருந்த நண்டு மணலில் விழுந்து ஓடியது. “அக்காட வாயை அடைக்க வேற வழி தெரியல்ல. நீயும் அதுக்குத்தானே...”

“இல்லை!” கரையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பிள்ளைக்கு அழவேண்டியதை நான் அழுதிட்டன். நீங்களும் பக்கத்தில இருந்துதான் அழுதீங்க. அது வேற, இது வேற. எனக்கு இதுகளில ஆசை. நல்ல முகம் ஒண்டு கிடைச்சா அண்டைக்கு எனக்குத் திருநாள். அவ்வளவுதான். ஊதாரி எண்டு ஆரும் ஏசட்டும், நான் திருப்பி ஏசுவன். ஆனா நீங்க என்ட சந்தோசத்தை வருத்தக்காரியின்ட மருந்து மாதிரிச் சொன்னா, நான் எங்க போறது?”

இத்தனை வருடமும் அவளுடைய ஆட்டையும் கோழியையும் பார்த்துத் தனக்குள்ளே குற்றவாளியாகக் குமைந்தவன் அமல்ராஜ். ஒவ்வொரு புதுச் சுரூபமும் தன்னால் கொடுக்க முடியாத ஒன்றுக்கு ஈடு என்று எண்ணியவன். அந்தச் சுமை இப்போது அப்படியே இறங்கியது.

“அப்ப நீ சந்தோசமாத்தான் இருந்தாயா?” என்று கேட்டான். கேட்கும்போதே கண்ணீர் தாடியில் இறங்கியது.

“ஓம். இவ்வளவு காலமும். இப்ப நீங்க எல்லாத்தையும் கடல்ல போட்டிட்டீங்க.”

“ஏசு யூஜி. நல்லா ஏசு.”

“ஏசத்தான் போறன். முதல்ல அந்த நண்டைப் பிடியுங்க, போகுது.”

அடுத்த நாள் அவன் கடலுக்குப் போகவில்லை. இருவரும் புத்தளத்துக்கு பஸ் ஏறினார்கள். ஸலாஹுதீன் நானாவின் கடையில் நத்தார்ச் சாமான்கள் வாசல்வரை தொங்கின. வருடம் முழுவதும் பிளாஸ்டிக் வாளியும் பாயும் விற்கிற கடை; மார்கழியில் ஒரு பக்கம் முழுக்கச் சுரூபங்கள்.

அமல்ராஜ் முந்திக்கொண்டு ஒரு ஆட்டை எடுத்து நீட்டினான்.

“வேணாம். இது படம் பிடிக்க நிக்கிற மாதிரி நிக்குது.”

இன்னொன்றை எடுத்தான்.

“இதுக்கு ஒரு கதையும் இல்லை.”

“ஆட்டுக்கு என்ன கதை வேணும்?”

“வையுங்க அதை.”

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கிட்ட வந்தார். “புள்ளையளுக்கா தம்பி பாக்கிறீங்க?”

யூஜினியின் கை ஒரு இடையனின் மேல் நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை. அவர் கேட்டதில் ஒரு வஞ்சகமும் இல்லை. இந்தக் கேள்விக்கு அமல்ராஜ் வழக்கமாகச் சொல்லும் ‘எங்களுக்குப் பிள்ளையள் இல்லை’யும் அதற்குப் பிறகு கேட்டவரிடமிருந்து வரும் அந்த இரக்கக் குரலும் அவளுக்கு மனப்பாடம்.

“இல்ல நானா,” என்றான் அமல்ராஜ். கடை முழுக்கக் கேட்கும்படி, கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். “என்ட மனுசிக்கு. அவ சேக்கிறவ. எல்லாம் எடுக்கமாட்டா. முகம் பாத்துத்தான் எடுப்பா. நேரம் போகும், நீங்க கோவிக்கப்படாது.”

“நான் ஏன் கோவிக்கிறன்? அப்பிடி எண்டா தங்கச்சிக்கு ஒரு கதிரை போடச் சொல்றன்.” ஸலாஹுதீன் மேல் தட்டைப் பார்த்தார். “இன்னொரு பெட்டியும் மேல இரிக்கி. அது ஒருத்தரும் எடுக்கல்ல. பெயின்ட் அடிச்சவன் பிழை உட்டிட்டான். எல்லாத்துக்கும் மூஞ்சி ஒரு மாதிரி.”

யூஜினியின் கன்னத்தில் குழி விழுந்தது.

“அதை இறக்குங்க நானா.”