சுகிர்தாவின் நல்ல பத்தி

கம்பெனி பஸ் பொன்னேரியை விட்டுக் கவரைப்பேட்டையைத் தாண்டுவதற்குள் சுகிர்தா ஒரு பத்தி ஆங்கிலம் எழுதிவிடுவாள். மழைநீர் சேமிப்பு, கைபேசியின் தீமை, எதுவாயிருந்தாலும் சரி. பள்ளத்தில் பஸ் குதித்தால் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்ட இடத்தில் தொடர்வாள். யாராவது சிரித்தால், "சிரிங்க. நான் ஆபீஸ்ல குந்திக்கினு இருக்கசொல்ல இந்தச் சிரிப்பு எங்க போவுதுன்னு பாக்கறேன்" என்பாள்.

வயது இருபத்தொன்பது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், தகரத்தை அழுத்திக் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் ஒன்பது வருடமாகக் காண்ட்ராக்ட். அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம். கட்டுரைத் தாளில் மூன்று முறை மண்ணைக் கவ்வி, நாலாவது முறைதான் சூட்சுமம் பிடிபட்டது. கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் அதைச் சொல்வாள்: "ஒரு பத்திக்கு ஒரு விசயம். மொதோ வரிலியே அத்த சொல்லிடணும். அப்பால காரணம். அப்பால சாட்சி. அயுது பொலம்பறதுக்கு அதுல எடமே கெடையாது."

போன ஆடியில், பஸ்ஸில் அவள் பக்கத்திலேயே உட்காரும் செண்பகத்தின் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டி மூன்று விரல்கள் போயின. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் அந்த மெஷின் இறங்க வேண்டும். டார்கெட் எட்டவில்லை என்று ஒரு பட்டனைத் துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னது சூப்பர்வைசர். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆங்கிலம் தெரிந்தவள் என்று விபத்து அறிக்கை எழுதும் வேலை சுகிர்தாவிடம் வந்தது. கட்டுரைத் தாளுக்குப் படித்த முறைப்படியே எழுதினாள். முதல் வரியில் கட்டிய பட்டன், பிறகு கட்டச் சொன்னவர், பிறகு பார்த்தவர்கள்.

மேனேஜர் நிதானமாகப் படித்தார். "இங்கிலீஷ் பிரமாதம்மா. முதல் வரிய மட்டும் மாத்திடு. தொழிலாளியோட கவனக்குறைவுன்னு ஆரம்பி. ஆபீஸ்ல ஒரு பர்மனென்ட் போஸ்ட் வருது, தெரியுமில்ல?"

முதல் வரி மாறியதும் மற்ற வரிகள் தாமாக வழிக்கு வந்தன. காரணம், தூக்கக் கலக்கம். சாட்சியும் கிடைத்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை என்று அன்று காலை பஸ்ஸில் செண்பகமே இவளிடம் சொல்லியிருந்தாள். அதையும் எழுதினாள். அவள் எழுதியதிலேயே அதுதான் நல்ல பத்தி, ஒரு பிழை கிடையாது. அந்த வயிற்றெரிச்சலை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஆபீஸில் சேர்ந்த பின் வந்த முதல் ஞாயிறு மதியம், வீட்டில் சுகிர்தா சாப்பாட்டில் கை வைக்கும்போது செண்பகம் வந்தாள். வலது கையில் இன்னும் கட்டு.

"நஷ்டஈடு இல்லன்னுட்டாங்க சுகி. ஏன்னு கேட்டா இந்தப் பேப்பரக் குடுத்தாங்க. எனக்கு இன்னா தெரியும்? படிச்சி சொல்லு."

மனப்பாடமான பத்தியைச் சுகிர்தா இடது கையில் பிடித்து மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இன்னாடி அப்பிடி பாக்கற? எய்தினவன் நல்லா எய்திக்கீறானா?"

"நல்லாத்தான் எய்திக்கீது, யக்கா."

"எவன்டி அவன்? பேரு கீரு போட்டுக்கீதா?"

சுகிர்தா தாளைத் தரையில் கவிழ்த்தாள். செண்பகம் மறுபடி கேட்க வாய் திறந்தாள். தட்டிலிருந்த மீன்குழம்புச் சோற்றை அவசரமாக உருட்டி, சுகிர்தா அந்த வாயில் ஊட்டினாள்.