நில் என்றால் நிற்காத சூசை

மகேந்திரராஜா தன் வாழ்க்கையில் அவசரப்பட்டுச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: சூசையைத் தன் பேஸ்பால் குழுவில் சேர்த்துவிட்டது. மற்றபடி ஆற அமர யோசிக்கிற மனிதர். சிட்னியின் நார்த்மீட்டில் வீடு வாங்குவதற்கு முன் அந்தத் தெருவில் வெயிலிலும் நடந்து பார்த்தார், மழையிலும் நடந்து பார்த்தார். அவர் கார் ஓட்டினால் பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தே களைத்துப்போவான். பாலங்களுக்குப் படம் வரைகிற வேலை என்பதால் அலுவலகத்தில் அந்தக் குணத்துக்கு மரியாதை இருந்தது. வீட்டில் மனைவி யோகராணிதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் ஆடியவர். சிட்னியில் அலுவலகத்து ஆட்கள் கோடையில் கிரிக்கெட் ஆடுவார்கள், குளிர்காலம் வந்ததும் பேஸ்பாலுக்குப் போய்விடுவார்கள். இவரும் போனார். முழங்கால் கைவிட்ட பிறகு, மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஓடுகிறவர்களுக்கு ‘ஓடு’, ‘நில்’ என்று சொல்லும் வேலையை ஏற்றுக்கொண்டார். ‘நில்’ சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

விளையாட்டு ஒன்றும் பெரிய சிக்கலில்லை. நாலு மூலையில் நாலு பேஸ். பந்தை அடித்துவிட்டு ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசி மூலையான ஹோமைத் தொட்டால் ஒரு ஓட்டம். இடையில் பந்தோடு வந்து தொட்டுவிட்டால் அவுட். மூன்று அவுட் விழுந்தால் மற்றக் குழுவின் முறை. ஆகவே அவுட் என்பது வீணாக்கக்கூடாத சாமான் என்பது மகேந்திரராஜாவின் கட்சி. சூசைக்குக் கட்சி ஒன்றும் கிடையாது. அவனுக்குக் கால்கள்தான் உண்டு.

சூசை மலேசியாவில் ஈப்போ ஊர்க்காரன். படிக்க வந்து, படிப்பு முடிந்து, பெயின்ட் தொழிற்சாலை ஒன்றில் வேலையானவன். ஒரு நாள் பரமட்டா ரயில் நிலையத்தில் புறப்பட்டுவிட்ட ரயிலைத் துரத்தி, மகேந்திரராஜா இருந்த பெட்டியில் ஏறி, “அம்மாடி, பொழச்சேன்!” என்று மூச்சு வாங்கினான். எழுபதுகளில் அந்தப் பக்கத்தில் காதில் தமிழ் விழுவதே அபூர்வம். மகேந்திரராஜா எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ரயிலைத் துரத்தியவனைப் பார்த்ததும் உஷாராகியிருக்க வேண்டும். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் புத்தி மங்கிவிட்டது.

அந்தக் குழு பட்டியலின் அடியில் குடியிருந்து பழகிய குழு. எழுபத்தைந்தாம் ஆண்டு எப்படியோ முதல் நாலு இடங்களுக்குள் வந்து இறுதிச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பு வந்தது. ஒரே ஒரு தரம் இறுதிச் சுற்றில் அந்த மூன்றாம் பேஸ் பக்கத்தில் நின்றுவிட்டால் போதும், பிறகு சனிக்கிழமைகளில் வீட்டோடு இருப்பேன் என்று யோகராணிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த ஆசைக்குக் குறுக்கே சூசை ஓடினான். பந்து வீசுகிறவன் கொஞ்சம் அசந்தால் இரண்டாம் பேஸுக்குப் பாய்வான், அங்கேயும் நிற்கமாட்டான். தப்பினால் மைதானமே கைதட்டும். அவுட்டானால், “பரவாயில்லை, எதிரிக்குக் குலை நடுங்குகிறதே!” என்று கப்டன் கெவின் சிரிப்பான். குழுவில் பந்தை நம்பி அடிக்கக்கூடியவன் அந்தக் கெவின்தான். அவன் மட்டையோடு வரும்போது பேஸ்கள் காலியாக இருக்கும், ஏனென்றால் சூசை ஓடித் தொலைந்திருப்பான். அப்படிப் பாய்ந்து அவன் ‘திருடிய’ பேஸ்கள் எல்லாருக்கும் நினைவிருந்தன. செத்துப்போன முறைகள் மகேந்திரராஜாவுக்கு மட்டும்தான் நினைவிருந்தன. அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையால் காட்டும் சைகைகளை எதிரிகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று, சூசைக்கு மட்டும் தமிழிலேயே சொல்லத் தொடங்கினார். கெவினுக்கு இதில் ஒரே குஷி. எதிரிக்கு விளங்காத பாஷை! சூசைக்கு விளங்கியது, கேட்கத்தான் மாட்டான்.

வென்றால்தான் இறுதிச் சுற்று என்றிருந்த கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டு, இடியப்பத்தைத் தட்டில் போட்டபடியே பிடித்தார்.

“எடேய், உனக்கு எத்தினை தரம் சொன்னனான்? நில் எண்டால் நில். உனக்குப் பின்னால கெவின் வாறான். அவன் அடிப்பான், நீ ஆறுதலா நடந்து வரலாம்.”

“நின்னா காலு அரிக்குதுண்ணே.”

“அரிச்சாச் சொறி! ஓடாதை! நாளைக்குத் தோத்தமெண்டால் எல்லாம் முடிஞ்சுது, விளங்குதே?”

யோகராணி குழம்புச் சட்டியோடு வந்தாள். “அவனைச் சாப்பிட விடுங்கோவன். பிள்ளை முழுங்கேலாமல் இருக்கு.”

சூசை இடியப்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “சரிண்ணே. நாளைக்கு உங்களைக் கேக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்.”

சொன்னபடியே செய்தான். முதலாம் பேஸில் நின்றான், இரண்டாம் பேஸில் நின்றான். மகேந்திரராஜாவுக்குத் தன் கண்களையே நம்ப முடியவில்லை. கடைசி முறை வந்தபோது குழு ஒரே ஒரு ஓட்டம் பின்னால் இருந்தது. ஒருவன் அவுட். சூசை மூன்றாம் பேஸில் பசுவாக நின்றான். அவன் ஹோமுக்கு வந்தால் சமநிலை. அடுத்து அடிக்க வேண்டியவன் கெவின், மட்டையைச் சுழற்றிக்கொண்டு காத்திருந்தான்.

அதற்கு முன் அடித்த பையன் பந்தை உயரத் தூக்கிவிட்டான். அதைப் பிடித்துவிட்டால் அவன் அவுட், ஆனால் பிடித்த கணத்திலிருந்து மூன்றாம் பேஸில் இருப்பவன் ஹோமுக்கு ஓடலாம். பந்து தூரமாகப் போகவில்லை. பிடிக்கப்போகிறவன் கை வலுத்தவன். நிற்க வேண்டிய பந்து, சந்தேகமே இல்லை.

சூசை பேஸில் ஒரு காலை வைத்தபடி திரும்பிக் கத்தினான்: “அண்ணே, நிக்கவா?”

கேட்டுவிட்டான்! வருடம் முழுக்க ஒரு தடவை கூடக் கேட்காதவன் கேட்டுவிட்டான்! மகேந்திரராஜாவுக்கு வந்த சந்தோஷத்தில் தொண்டை கிழிந்தது.

“ஓம்! ஓம்!”

யாழ்ப்பாணத்தில் ஓம் என்றால் ஆமாம். யோகராணியின் மேசையில் அதை எத்தனையோ தரம் கேட்டவன்தான் சூசை. ஆனால் மூன்றாம் பேஸில் காலை ஊன்றி நிற்கிறவனுக்கு, சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் ஹகரத்தை விழுங்கி ஹோமை ‘ஓம்’ என்றே கத்துகிற மைதானத்தில், அது வேறெப்படிக் கேட்கும்? ஹோம், ஹோம் என்றே கேட்டது. பந்து பிடிபட்டதும் அம்பாய்ப் பாய்ந்தான்.

“நில்லடா! நில்!” என்று மகேந்திரராஜா முழங்காலையும் மறந்து கோட்டின் ஓரமாக ஓடினார். பிடித்தவன் எறிந்த பந்து முந்திக்கொண்டது. சூசை விழுந்து சறுக்கிப் போனபோது எதிரி அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். மூன்றாவது அவுட். ஆட்டம் முடிந்தது, அந்த வருடமும் முடிந்தது. கெவின் மட்டையோடு நின்ற இடத்திலேயே நின்றான்.

பிறகு மட்டையைத் தரையில் அடித்துவிட்டு வந்தான். பரவாயில்லை என்று சிரிக்கிற முகமில்லை அது. கண்மண் தெரியாமல் ஓடுகிற உன்னால்தான் எல்லாம் போனது, அடுத்த வருடம் இந்தப் பக்கம் வராதே என்று சூசையைப் பிடித்து விளாசினான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். சூசை முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். மகேந்திரராஜாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“நான்தான் அனுப்பினேன்,” என்றார் மகேந்திரராஜா ஆங்கிலத்தில்.

கெவின் நம்பவில்லை. “நீயா? யாரையும் விடாத நீயா? அடுத்தது நான் என்று தெரிந்தும் ஏன்?”

என்னவென்று சொல்வது? ஓம் என்றால் என்னவென்று அந்தக் கோபத்தில் நிற்கிறவனுக்கு எங்கேயிருந்து தொடங்குவது? “அனுப்பினேன், அவ்வளவுதான்!” என்று எரிந்து விழுந்துவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினார். போயும் போயும் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டோமே என்று அவருக்கு அழுகை முட்டியது.

காரில் ஏறியதும் ஆத்திரம் முழுவதையும் அவன்மேல் கொட்டினார். “காதுதான் பிழைச்சுதெண்டால், கண்ணும் தெரியாதே உனக்கு? பந்து கிட்டத்தானே போனது. என்னத்துக்கடா ஓடினனி?”

“ஹோம்னு கத்தினீங்களேண்ணே,” என்றான் சூசை. “நானா இருந்தா ஓடியிருக்க மாட்டேன். நின்னுதான் இருப்பேன்.”