அது யாரென்று நீர் அறிவீர்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேராகத் திட்டியதில்லை. அந்த வேலைக்கு ஏழு மணி ஜெபம் இருந்தது.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் ஏழு அடித்தால் டிவி அணையும். ஒரு பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், பிறகு அப்பாவின் ஜெபம். நாடு, சபை, வியாதிக்காரர்கள் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் வீட்டுக்குள் நுழைவார்.

"ஆண்டவரே, இந்த வீட்டில் ஒருத்தி கணக்கில் தொண்ணூறைத் தாண்டவில்லை. அது யாரென்று நீர் அறிவீர்."

அறிய என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான்! கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் நிற்கும்போது எதிர்த்துப் பேசவா முடியும்? ஆமென் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி, சொல்லாவிட்டால் அதற்கு நாளைக்குத் தனி ஜெபம். அம்மாவையும் விடமாட்டார். "சாம்பாரில் உப்பை மறந்த உம்முடைய அடியாளை மன்னியும்" என்பார். அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரை முறைப்பாள். இருபத்தொன்பது வயது வரைக்கும் இதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

வார நாட்களில் எனக்கு ஆபீஸ். சனி, ஞாயிறில் மேடை ஏறி ஆட்களைச் சிரிக்க வைப்பேன். சிரிக்க வைப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன், முதல் ஆறு மாதம் ஒரு ஈ காக்காகூடச் சிரிக்கவில்லை. மேனேஜரைப் பற்றிச் சொன்னேன், ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கைப் பற்றிச் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். ஒரு சனிக்கிழமை, ஒரு காபிக் கடையின் மாடியில், பொத்தேரி காலேஜ் பிள்ளைகள் நிறைய வந்திருந்தார்கள். என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது, நேரம் மட்டும் பாக்கி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்பா குரலில் ஆரம்பித்தேன்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்தக் கூட்டத்தில் ஒருவன் மூன்று அரியர் வைத்திருக்கிறான். அது யாரென்று நீர் அறிவீர்."

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று, "மச்சான், என்னத்தான்டா சொல்றாங்க!" என்று கத்தினான். மாடியே அதிர்ந்தது. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தத் துண்டை வீடியோவாகப் போட்டேன். அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. இரண்டே வாரத்தில் அது சுற்றிச் சுற்றி எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. ஹாலில் அப்பாவின் போனிலிருந்து அப்பா குரலில் நான் பேசுவது சமையலறையில் எனக்குக் கேட்டது. வெங்காயமும் கத்தியுமாக அப்படியே நின்றேன். கடைசி வரை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா பண்ணியிருக்கம்மா. குரல் அப்படியே இருக்கு."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஏழு மணிக்குப் பாட்டு பாடினோம், சங்கீதம் வாசித்தோம். "மௌனமா ஜெபிப்போம்" என்றார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாளும் மௌனம். அடுத்த நாளும்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "இவர் இத்தனை வருஷம் கடவுள் முன்னால என்னைக் கலாய்க்கலாம், நான் அறுபது பேர் முன்னால ஒரு தரம் கலாய்க்கக் கூடாதா?" என்று அம்மாவிடம் எகிறினேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நீ பண்ணது தப்புன்னு நான் சொல்லலடி. போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கோயில் வாசல்ல ரெண்டு பசங்க, அவரைப் பார்த்து 'யாரென்று நீர் அறிவீர் சார்'னு சொல்லிச் சிரிச்சாங்க. இவரும் கூடச் சேர்ந்து சிரிச்சாரு. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழட்டாம ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அதை நான்தானே பார்த்தேன்?"

வீடியோவை அழித்துவிட்டேன். என்ன பிரயோஜனம்? கறந்த பால் மடி ஏறுமா? மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒவ்வொரு நாளும் ஹால் வரை போவேன். "காபி வேணுமாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். நேராகப் பேசி எங்களுக்குப் பழக்கமே இல்லை. "ஒருத்தி சரியாகத் தூங்குவதில்லை ஆண்டவரே" என்று அவர் சொல்லித்தான், நான் தூங்காதது அவருக்குத் தெரியும் என்பது எனக்கே தெரியும். அந்த ஒரு வழியையும் நானே அடைத்துவிட்டேன். மூன்று மாதம் அப்படியே ஓடியது. அந்த மூன்று மாதமும் எனக்கு வீட்டுக்கு வரவே பயமாக இருந்தது.

பிறகு அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். சின்ன ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னார். அவருக்குச் சின்னது. காலையில் ஆஸ்பத்திரி அறையில், பச்சை கவுனில் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எட்டரைக்குக் கூட்டிப் போவதாக நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

"என்னங்க, இன்னிக்காவது வாயைத் திறந்து ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றாள் அம்மா.

அப்பா சுவரைப் பார்த்தார். "நீ பண்ணும்மா" என்றார் என்னிடம். "எனக்கு வரல."

அறுபது பேர் முன்னால் மைக்கைப் பிடித்தவள் நான். இரண்டு பேர் முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடினேன். அம்மாவுக்காகத்தான் ஆரம்பித்தேன், வாயில் வந்தது வேறு.

"ஆண்டவரே, இந்த அறையில் ஒருத்தி இருக்கிறாள். கைதட்டலுக்கு ஆசைப்பட்டுத் தகப்பனைச் சந்தி சிரிக்க வைத்தாள். மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லாமல் மூன்று மாதமாகக் காபி போட்டுக் கொடுக்கிறாள். அது யாரென்று..."

அதற்கு மேல் சொல்ல வரவில்லை. பிறகு பக்கத்தில் அப்பாவின் குரல் கேட்டது. கரகரப்பாக, மெதுவாக.

"ஆண்டவரே, ஒரு தகப்பனும் இருக்கிறான். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாமல், இத்தனை வருஷமும் உம்மை நடுவில் நிறுத்திப் பேசினான். அவனையும் நீர் அறிவீர்."

"ஆமென்" என்றாள் அம்மா பட்டென்று. "ஆபரேஷன் எனக்கு. அப்பனும் மகளும் என் பித்தப்பையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பா அவசரமாக மறுபடியும் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இங்கே ஒருத்தி பயப்படுகிறாள். நேற்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அது யாரென்று நீர்..."

நிறுத்திவிட்டார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவரும் திறந்திருந்தார். கட்டில் பக்கம் குனிந்து, அம்மாவை நேராகப் பார்த்தார்.

"பயப்படாத" என்றார். "நான் கதவுக்கு வெளியிலயேதான் உக்காந்திருப்பேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரோடு வந்த நர்ஸ் இரண்டு தரம் "அம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் விட்டாள்.